கேட்டுக்குள்ள போலாமா? இந்த மாசம் முழுக்க கோல்ஃப் கேள்விங்கதான்

போன இதழ்ல ஓசூர் பக்கம் ஒரு வில்லா லேஅவுட்டுக்குள்ள இருக்கற கோல்ஃப் கோர்ஸ்ல வெளியாளுங்களும் காசு கட்டி விளையாடலாம்னு போற போக்குல நாலு வரி எழுதியிருந்தேன். அதுக்கு வந்த கடுதாசியும் வாட்ஸ்அப்பும் பாத்து அசந்துட்டேன், கிருஷ்ணகிரி தர்மபுரி ரெண்டு மாவட்டத்துலயும் இவ்ளோ பேரு இத மனசுல வச்சுகிட்டு யார்கிட்ட கேக்கறதுன்னு தெரியாம இருந்திருக்காங்க. அதனால இந்த தடவ வேற கேள்வியே எடுக்கல. நான் கோச் கிடையாது. ஓசூர்ல ஒரு கம்பெனில டூல் ரூம்ல வேலை பாத்தவன், 43 வயசுல மொத தடவ கிளப்ப (பால் அடிக்கற மட்டைக்கும் கிளப்னுதான் பேரு) கையில புடிச்சேன், பதினோரு வருஷமா விளையாடறேன், அந்த அனுபவத்துல சொல்றேன்.

கேள்வி: அண்ணா, கிருஷ்ணகிரி பழையபேட்டைல மளிகைக்கடை வச்சிருக்கேன். சரக்கு எடுக்க ஓசூர் போறப்போ நீங்க சொன்ன மாதிரி ஒரு கோர்ஸ் பாத்திருக்கேன், வெளியில நின்னு வேலி வழியா பாத்துட்டு வந்துருவேன். கேட்ல செக்யூரிட்டி, உள்ள பெரிய பெரிய வீடு, எல்லாம் காருதான் போகுது. பப்ளிக் கோர்ஸ்னு சொல்றாங்களே, பப்ளிக்னா அதுல நாமளும் சேத்தியா? எக்ஸ்எல் வண்டில போய் நின்னா உள்ள விடுவாங்களா?

பதில்: பப்ளிக்னா நாமதான் தம்பி. வேலிக்கு வெளிய நின்னு பாத்துட்டு வந்துருவேன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அத படிச்சதும் எனக்கு என் பழைய நாள்தான் ஞாபகம் வந்துச்சு, நானும் ரெண்டு வருஷம் அப்படி கம்பெனி பஸ் ஜன்னல் வழியா பாத்துட்டே போனவன்.

மொதல்ல கோர்ஸ்ல என்னென்ன வகைன்னு சொல்லிடறேன். மெம்பரும் மெம்பர் கூட்டிட்டு வர்ற கெஸ்டும் மட்டும் விளையாடற கிளப் ஒரு வகை, அதுக்குள்ள சேர பெரிய தொகை கட்டணும், காத்திருக்கவும் வேணும். அன்னன்னிக்கு கிரீன் ஃபீ, அதாவது விளையாடறதுக்கான காசு, கட்டறவங்க யாரா இருந்தாலும் வரலாம்கறது இன்னொரு வகை. ரெண்டும் கலந்த மாதிரி, மெம்பரும் உண்டு வெளியாளும் உண்டுன்னு நடத்தறதும் இருக்கு, வீட்டுமனையோட சேத்து போட்ட கோர்ஸ்ல இது சகஜம், ஏன்னா உள்ள வீடு வாங்கினவங்க மட்டும் விளையாடினா அந்த புல்ல பராமரிக்கற செலவு கட்டுப்படியாகாது, அந்த கணக்குல பாத்தா நீங்க கட்டற கிரீன் ஃபீயும் சேந்துதான் அந்த கோர்ஸ பச்சையா வச்சிருக்கு.

நமக்கு ஏன் கேட்ல கால் தயங்குதுன்னா அதுக்கு ஒரு சரித்திரம் இருக்கு. கல்கத்தாவுல 1829ல ஆரம்பிச்ச கிளப், பெங்களூர்ல 1876ல ஆரம்பிச்ச கிளப் எல்லாம் வெள்ளக்காரங்க அவங்களுக்குன்னு வச்சுகிட்டது. நம்மாளுங்க அதுக்குள்ள அவங்க மட்டைப் பையத் தூக்கிட்டு போனவங்கதான். அந்த நெனப்பு தலைமுறையா இருக்கு. ஆனா இந்த விளையாட்டோட தாய்வீடுன்னு சொல்ற ஸ்காட்லாந்து செயின்ட் ஆண்ட்ரூஸ் இருக்கே, அங்க ஓல்ட் கோர்ஸ்ங்கறது ஊர்ப் பொதுநிலம். பேர் குடுத்து குலுக்கல்ல விழுந்தா மெம்பரா இல்லாதவங்களும் விளையாடலாம், ஞாயித்துக்கிழமை வழக்கமா விளையாட்ட நிறுத்திட்டு ஊர்க்காரங்க குழந்தை குட்டி நாயோட அது மேலயே காலாற நடக்கறாங்க. அமெரிக்காவுல பெப்பிள் பீச்னு கடலோரத்துல ஒண்ணு, 1919ல திறந்தது, யுஎஸ் ஓபன்ங்கற பெரிய போட்டி 2019 வரைக்கும் 6 தடவ அங்க நடந்திருக்கு. அதச் சுத்தி பூரா பணக்காரங்க வீடு, ரோட்டுக்கே கேட் போட்டு உள்ள வர்ற வெளியூர் காருக்கு காசு வாங்கறாங்க, ஆனா கோர்ஸ் மட்டும் பப்ளிக். ஃபீஸ் நூத்துக்கணக்கான டாலர், அது வேற விஷயம், ஆனா நீ யாருன்னு கேக்க மாட்டாங்க. கேட் இருக்கறதாலயே அது நமக்கு இல்லைன்னு ஆகிடாது தம்பி.

இப்போ எப்படி போறதுன்னு சொல்றேன். முந்தின நாளே கோர்ஸ் ஆபீஸுக்கு போன் பண்ணுங்க. வெளியாளுக்கு எந்த நாள் எந்த நேரம் குடுப்பீங்கன்னு கேளுங்க, சனி ஞாயிறு காலைல மெம்பருக்குன்னு வச்சிருப்பாங்க, வார நாள்ல ஈஸியா கிடைக்கும், ஃபீஸும் கம்மியா இருக்கும். கிரீன் ஃபீல எதெல்லாம் சேத்தி, கேடிக்கு (நம்ம மட்டைப் பையத் தூக்கிட்டு கூட வர்றவரு) தனியா, கோர்ஸுக்குள்ள ஓட்டற வண்டிக்கு தனியா, கிளப் வாடகைக்கு கிடைக்குமா, இது எல்லாத்தையும் போன்லயே கேட்டுக்கோங்க, கேக்க கூச்சப்படாதீங்க, கேக்காம போய் கவுண்டர்ல பில்லப் பாத்து முகம் சுருங்கறதுதான் கஷ்டம். அப்புறம் முக்கியமா, நான் புதுசு, நேரா கோர்ஸ்ல விடுவீங்களா இல்ல மொதல்ல ரேஞ்ச்ல (பால் அடிச்சுப் பழகற எடம்) பழகணுமான்னு உள்ளத உள்ளபடி சொல்லிடுங்க. டைம் குடுத்தாங்கன்னா அதுக்குப் பேரு டீ டைம். கேட்ல போய் எனக்கு இத்தன மணிக்கு டீ டைம் இருக்குன்னு சொன்னா போதும், ரிஜிஸ்டர்ல எழுதிட்டு விட்டுருவாங்க. எக்ஸ்எல் என்ன, நான் பழைய ஸ்ப்ளெண்டர்லதான் போறேன் இன்னிக்கும்.

உள்ள போனதும் ஒண்ண மட்டும் மனசுல வைங்க. அது கோர்ஸ் மட்டும் கிடையாது, அங்க ஜனங்க குடியிருக்காங்க. ஹாரன் அடிக்காம மெதுவா போங்க, சைக்கிள் ஓட்டற குழந்தைங்களுக்கு நின்னு வழி விடுங்க, வீட்டையும் வீட்டுக்குள்ள இருக்கறவங்களையும் போட்டோ எடுக்காதீங்க. நம்ம தெருவுக்கு ஒருத்தர் விருந்தாளியா வந்தா எப்படி நடந்துக்கணும்னு நாம எதிர்பாப்போமோ அப்படி.

கேள்வி: ஓசூர் சிப்காட்ல ஷிஃப்ட் வேலை. செட் வாங்கணும்னா லட்சம் ஆகும்னு பசங்க சொல்றாங்க. நெசமாவா?

பதில்: இப்போதைக்கு ஒரு ரூபாய்க்குக் கூட வாங்காதீங்க தம்பி. ரூல்படி பையில 14 கிளப் வரைக்கும் வச்சுக்கலாம், 14 இருந்தே ஆகணும்னு எங்கயும் இல்ல. மொத ஆறு மாசத்துக்கு மூணு போதும், ஒரு 7 ஐயர்ன் (நடு தூரத்துக்கு அடிக்கற இரும்புத் தலை மட்டை), ஒரு வெட்ஜ் (கிட்டத்துல இருந்து தூக்கி அடிக்க), ஒரு புட்டர் (குழிக்கு உருட்டி விட). அதுவும் கோர்ஸ்லயே வாடகைக்கு கிடைக்கும்.

நேரா 18 ஹோல் (ஹோல்னா பால விழ வைக்கற குழி, முழு ஆட்டத்துக்கு 18) போக வேணாம். டிரைவிங் ரேஞ்ச்னு ஒரு இடம் இருக்கும், பக்கெட் பக்கெட்டா பால் குடுப்பாங்க, நின்ன எடத்துல இருந்து அடிச்சுட்டே இருக்கலாம், அது சல்லிசு. நைட் ஷிஃப்ட் முடிச்சுட்டு தூங்கி எழுந்து சாயந்திரம் ஒரு பக்கெட், வாரம் ஒரு தடவ, ரெண்டு மாசம். 7 ஐயர்னால பத்துக்கு ஆறு பால் மேல எழும்பி ஓரளவு நேரா போச்சுன்னா நீங்க கோர்ஸுக்கு ரெடி. நம்மாளுங்க பண்ற மொத தப்பு என்னன்னா கோடாலியால வெறகு பொளக்கற மாதிரி தோள்பட்டைல பலத்தப் போட்டு ஓங்கறது. இது பலத்துல போற பால் இல்ல. கிளப்போட தலைக்கு இருக்கற எடையே அடிக்கும், நாம அத வட்டமா கொண்டு போய் விட்டா போதும். லேத்துல வேலை பாத்தவங்களுக்கு இது சீக்கிரம் புரியும், டூலுக்கு வேகம் குடுக்கலாம், முரட்டுத்தனம் குடுத்தா ஜாப் போயிடும்.

பாலும் புதுசு வாங்காதீங்க, தண்ணிக்குள்ள இருந்து எடுத்து கழுவின பழைய பால் கேடிங்க வச்சிருப்பாங்க, அவங்களுக்கும் நாலு காசு சேரும். என் மொத 7 ஐயர்ன் பெங்களூர்ல செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது, கிரிப் நைஞ்சு போய் இருந்துச்சு, நானே மாத்தினேன், இன்னும் வீட்ல இருக்கு.

கேள்வி: பாலக்கோட்டுல டீச்சரா இருக்கேன் சார். எனக்கு 52, அவருக்கு 57, ரெண்டு பேருக்கும் சுகர். டாக்டர் நட நடன்னு சொல்றாரு, நடக்கறதுக்கு போரடிக்குது. இந்த வயசுல இத ஆரம்பிக்கலாமா, நான் சேலைலயோ சுடிதார்லயோ விளையாட முடியுமா?

பதில்: தாராளமா ஆரம்பிக்கலாம் டீச்சர். இந்த விளையாட்டுல புருஷன் பொண்டாட்டி, அப்பா மகன், தாத்தா பேத்தி யாரு வேணா ஒண்ணா ஒரே நேரத்துல விளையாடலாம், அதுக்குத்தான் ஹேண்டிகேப்னு ஒரு ஏற்பாடு இருக்கு. புதுசா வந்தவரோட கணக்குல இத்தன ஸ்ட்ரோக்குன்னு (ஸ்ட்ரோக்னா ஒரு அடி) கழிச்சு நல்லா ஆடறவரோட சமமாக்கி விடறாங்க. 2020ல இருந்து உலகம் பூரா ஒரே முறைதான், ஆணுக்கும் பொண்ணுக்கும் அதிகபட்சம் 54 வரைக்கும் ஹேண்டிகேப் வச்சுக்கலாம். பொம்பளைங்க அடிக்க ஆரம்பிக்கற டீயும் வழக்கமா கொஞ்சம் முன்னாடியே இருக்கும்.

வண்டி எடுக்காம நடந்தா 18 ஹோலுக்கு எட்டு பத்து கிலோமீட்டர் ஆயிடும், மேடு பள்ளம் சேத்து. உங்களுக்கு 9 ஹோல் போதும். சுகர் இருக்கறதால பையில பிஸ்கட்டோ கடலைமிட்டாயோ கண்டிப்பா வச்சுக்கோங்க, மாத்திர போட்டுட்டு வெறும் வயித்துல நடக்க கிளம்பிடாதீங்க, உங்க டாக்டர்கிட்டயும் ஒரு வார்த்த சொல்லிடுங்க. ஷூ இறுக்கவும் கூடாது, லூசாவும் கூடாது, காலுக்கு சரியா இருக்கணும், சுகர் காலுக்கு கொப்பளம் ஆகவே ஆகாது.

டிரெஸ்ஸப் பொறுத்தவரைக்கும் காலர் வச்ச டீ ஷர்ட்டும் பேண்ட்டும் போடணும், ஜீன்ஸ் கூடாதுன்னு நெறைய எடத்துல ரூல் போட்டிருப்பாங்க. சேலையோட கிளப்ப வீசறப்போ முந்தானை கையில மாட்டும், அது சரிப்படாது. காலர் வச்ச குர்த்தா, பேண்ட் போட்டு விளையாடற பொண்ணுங்கள நான் பாத்திருக்கேன், யாரும் ஒண்ணும் சொன்னதில்ல, இருந்தாலும் போன்ல ஒரு வார்த்த கேட்டுட்டு போங்க. தொப்பி கட்டாயம். நம்ம பக்கம் ஏப்ரல் மே வெயில்ல பத்து மணிக்கு மேல வேணவே வேணாம், காலைல ஆறு ஆறரைக்கு மொத ஆளா போங்க.

கேள்வி: ஒரு ரவுண்டுக்கு எவ்ளோ நேரம் ஆகும்? (ஊத்தங்கரைல இருந்து ஒரு வாசகர்)

பதில்: நாலு பேரு சேந்து 18 ஹோல்னா நாலு மணி நேரத்துல இருந்து நாலரை. 9 ஹோல்னா அதுல பாதி. பின்னாடி வர்றவங்க காத்துகிட்டு நின்னாங்கன்னா ஒதுங்கி கைய காட்டி முன்னாடி போகச் சொல்லிடுங்க, புதுசா வர்றவங்களுக்கு இது ரொம்ப முக்கியம், மத்த எல்லாத் தப்பையும் மன்னிச்சுருவாங்க இத மன்னிக்க மாட்டாங்க.

கேள்வி: நான் ஓசூர் பக்கம் அப்படி ஒரு கோல்ஃப் கம்யூனிட்டிலதான் வில்லா வாங்கி குடியிருக்கேன். நீங்க எல்லாரையும் வாங்க வாங்கன்னு கூப்பிடறீங்க. எங்க கஷ்டம் உங்களுக்குத் தெரியுமா? வாரத்துக்கு நாலு பால் எங்க தோட்டத்துல விழுது, ஒரு தடவ எங்க அம்மா துணி காயப்போட்டுகிட்டு இருந்தப்போ ரெண்டடி தள்ளி விழுந்துச்சு. பாலத் தேடிட்டு செவுரு ஏறி குதிச்சு வர்றாங்க.

பதில்: சார், உங்க கோபம் நூத்துக்கு நூறு நியாயம். அம்மா நல்லா இருக்காங்கங்கறதே போதும். கோல்ஃப் பால் சுமார் 46 கிராம்தான், ஆனா டிரைவர்ல (ரொம்ப தூரம் அடிக்கற பெரிய மட்டை) நல்லா பட்டுச்சுன்னா மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல போகும், தலைல பட்டா உயிருக்கே ஆபத்து. இத படிக்கற ஒவ்வொரு புது ஆளும் இத ரெண்டு தடவ படிக்கணும்.

நான் ஒண்ண ஒத்துக்கறேன். நான் கோர்ஸ்ல விளையாட ஆரம்பிச்ச மூணாவது மாசம், ஒரு பார் 4 (நாலு அடில முடிக்க வேண்டிய ஹோல்), வலது பக்கம் வரிசையா வீடு. வலது கையாளுங்க தப்பா அடிச்சா பால் வளைஞ்சு வலப்பக்கம் ஓடும், ஸ்லைஸ்னு சொல்வாங்க, புதுசா வர்ற எல்லாருக்கும் இருக்கற வியாதி அது. நான் அடிச்சது ஒரு வீட்டு மாடி பால்கனில விழுந்து தொட்டிச்செடி ஒடஞ்ச சத்தம் எனக்கு கேட்டுச்சு. கூட வந்தவரு விடுப்பா யாரும் பாக்கலைன்னாரு. எனக்கு கை கால் ஓடல. கேடி பையன்தான், பதினெட்டு பத்தொன்பது வயசுப் பையன், சார் மொதல்ல கத்தியிருக்கணும் சார்னு சொன்னான். பால் தப்பா போகுதுன்னு தெரிஞ்ச அடுத்த நொடி தொண்ட கிழிய "ஃபோர்"னு கத்தணும், அது எனக்குத் தெரிஞ்சும் கூச்சத்துல கத்தாம நின்னுட்டேன். அப்புறம் அந்த ஹோல விட்டுட்டு அந்த வீட்டு வாசலுக்கு ரோடு வழியா போய் பெல் அடிச்சேன். ஒரு பெரியம்மா வந்தாங்க, தெலுங்குல பேசினாங்க. ஒடஞ்சது துளசித் தொட்டி. நான் நடந்தத சொல்லி மன்னிப்புக் கேட்டு அடுத்த வாரம் ஓசூர் நர்சரில இருந்து ஒரு தொட்டியும் செடியும் வாங்கிட்டு போய் குடுத்தேன். இத்தன வருஷத்துல பால் வந்து விழுந்துருக்கு, ஆனா ஒருத்தரும் வந்து சொன்னதில்லப்பான்னு அவங்க சொன்னது எனக்கு இன்னும் மனசுல நிக்குது.

அதனால வெளியாளா வர்ற எல்லாருக்கும் சொல்றேன். வெள்ளக் கம்பு நட்டிருக்கற கோட்டுக்கு அந்தாண்ட போன பால் அவுட் ஆஃப் பவுண்ட்ஸ். அங்க போய் தேடறதுக்கே வேலை இல்ல, கண்டுபிடிச்சாலும் அங்க இருந்து அடிக்க முடியாது. ரூல்படி ஒரு ஸ்ட்ரோக் சேத்துகிட்டு அடிச்ச எடத்துல இருந்தே திரும்ப அடிக்கணும். 2019ல ரூல் மாத்தினப்போ இன்னொரு வழியும் குடுத்துருக்காங்க, கோர்ஸ் நிர்வாகம் அத அமல்ல வச்சிருந்தா ரெண்டு ஸ்ட்ரோக் சேத்துகிட்டு பால் வெளிய போன எடத்துக்கு நேரா ஃபேர்வே (புல்லு கட்டையா வெட்டி வச்ச நடுப் பாதை) ஓரத்துல வேற பால் போட்டு ஆடலாம், பின்னாடி நடக்கவே வேணாம். அந்தப் பால அந்த வீட்டுத் தோட்டத்துக்கே விட்டுருங்க. செவுரு ஏறாதீங்க. வலப்பக்கம் வீடு இருக்கற ஹோல்ல டிரைவர பையிலயே வச்சுட்டு 7 ஐயர்னால ரெண்டு தடவையா போங்க, ஸ்கோர் ஒண்ணும் கெட்டுடாது.

சார், உங்களுக்கும் ஒண்ணு. விழற பாலுங்கள தேதி போட்டு ஒரு டப்பால சேத்து வைங்க, ஒரு மாசத்துக்கு அப்புறம் அத எடுத்துட்டு அசோசியேஷன்லயும் கோர்ஸ் ஆபீஸ்லயும் பேசுங்க. எந்த டீல இருந்து வருதுன்னு தெரிஞ்சா டீய கொஞ்சம் திருப்பலாம், மரம் நடலாம், வலை கட்டலாம். கண்ணாடி ஒடஞ்சா யாரு குடுக்கறதுங்கறது உங்க வீட்டுப் பத்திரத்துலயும் அசோசியேஷன் விதிலயும் என்ன எழுதியிருக்குன்னு படிச்சுப் பாருங்க. சட்டம் எப்படி இருந்தாலும் அடிச்சவன் வந்து நிக்கணும்கறதுதான் என் கட்சி.

கேள்வி: ஐயா, காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்பு வச்சிருக்கேன். ஆயிரம் அடிக்கு மேல போர் போட்டும் காத்துதான் வருது. டேங்கர்ல தண்ணி வாங்கி மாங்கன்னுக்கு ஊத்தறோம். நீங்க புல்லுக்கு தண்ணி விடற விளையாட்ட இவ்ளோ கொண்டாடறது எனக்கு சங்கடமா இருக்கு.

பதில்: ஐயா, நீங்க எழுதினது எனக்கு ராத்திரி தூக்கத்த கெடுத்துச்சு. எங்கப்பாவும் மாந்தோப்புல குத்தகைக்கு இருந்தவருதான். கணக்க மறைக்காம சொல்றேன். ஒரு ஏக்கர் மேல ஒரு மில்லிமீட்டர் தண்ணி நின்னா அது 4,047 லிட்டர். வெயில் காலத்துல புல்லுக்கு நாளைக்கு 5 மில்லிமீட்டர்னு வச்சு, தண்ணி பாய்ச்சற எடம் 60 ஏக்கர்னு எடுத்துகிட்டா ஒரு நாளைக்கு 12 லட்சம் லிட்டர் ஆகுது. இது போர் தண்ணியா இருந்தா அது பக்கத்து ஊரோட தண்ணி, அதுல எனக்கு ரெண்டு அபிப்ராயமே இல்ல. நம்ம பக்கம் கெட்டிப் பாறை, மழத்தண்ணி கீழ எறங்கறதே பாறை வெடிப்பு வழியாத்தான், மேல இருந்து உறிஞ்சற வேகத்துக்கு கீழ சேராது.

ஆனா வீடுகளோட சேந்த கோர்ஸுக்கு ஒரு நல்ல வழி இருக்கு. வீட்டு சாக்கடை, குளிக்கற தண்ணி, பாத்திரம் கழுவற தண்ணி எல்லாத்தையும் அங்கயே சுத்திகரிச்சு அத புல்லுக்கு விடலாம், மழத்தண்ணிய கோர்ஸ்ல இருக்கற குட்டைல புடிச்சு வைக்கலாம். அந்தக் குட்டைங்க பாக்க அழகுக்கு மட்டும் இருக்கக் கூடாது. வீடு கம்மியா இருந்தா கழிவுத்தண்ணி மட்டும் பத்தாது, அப்போ பாய்ச்சற எடத்தத்தான் கொறைக்கணும். டீ (அடிக்க ஆரம்பிக்கற எடம்), ஃபேர்வே, கிரீன் (குழி இருக்கற வழுவழு புல்தரை) மூணுக்கு மட்டும் விட்டுட்டு மிச்சத்த மானாவாரியா விட்டுரலாம், வெயில்ல பழுப்பா இருந்தா இருந்துட்டு போகட்டும், ஸ்காட்லாந்துலயே மழை கம்மியான கோடைல புல்லு பழுப்பா காஞ்சுதான் கிடக்குது, அதுலதான் பால் நல்லா உருளும்.

இன்னொண்ணும் உங்களுக்கு சொல்லணும் ஐயா. கோல்ஃப் கோர்ஸ்ல பெர்முடா கிராஸ்னு பெருசா பேர் சொல்லி போடறாங்களே, அது நம்ம அருகம்புல்லுதான், அதே ஜாதி, அதுல ஒட்டு ரகமா வளத்தெடுத்ததும் உண்டு. புள்ளையாருக்கு வைக்கற அதே அருகம்புல். எவ்ளோ காஞ்சாலும் வேருல உயிர வச்சுகிட்டு ஒரு மழைக்கு தழைஞ்சு வர்ற புல்லுன்னு உங்களுக்கு சொல்லவே வேணாம். அத தினமும் குளிப்பாட்டணும்னு அவசியமே இல்ல. நான் விளையாடப் போற எடத்துல இந்த தண்ணி எங்க இருந்து வருதுன்னு எழுத்துல கேட்டேன், கழிவுத்தண்ணி பிளான்ட்ட கூட்டிட்டு போய் காட்டினாங்க, அதுக்கு அப்புறம்தான் வருஷ பாஸ் எடுத்தேன். போற எல்லாரும் கேளுங்க. நாம காசு குடுக்கறோம், கேக்கற உரிமை இருக்கு.

கேள்வி: தர்மபுரில இருந்து எழுதறேன், பேங்க்ல ரிட்டயர்டு. மே மாசம் அமெரிக்காவுல டெக்சாஸ்ல பையன் வீட்டுக்கு போறோம். அவன் வீட்டுக்கு பின்னாடியே கோல்ஃப் கோர்ஸாம், வெளியாளுங்களும் விளையாடறதாம். சாயந்திரம் அங்க வாக்கிங் போலாமா? நான் விளையாடவும் முடியுமா?

பதில்: வாக்கிங் வேணாம் சார். பச்சையா பார்க் மாதிரிதான் தெரியும், ஆனா விளையாட்டு நடக்கறப்போ நடுவுல நடக்கறது ஆபத்து, அங்க வீட்டுக்காரங்களுக்கே அனுமதி இருக்காது. கம்யூனிட்டிக்குள்ள நடக்க தனிப் பாதை இருக்கும், பையன்கிட்ட கேளுங்க.

விளையாட கண்டிப்பா முடியும். அமெரிக்காவுல இருக்கற கோர்ஸ்ல முக்காவாசி பொதுமக்களுக்கு திறந்ததுதான். ஆன்லைன்லயே டீ டைம் போட்டுருவாங்க. சாயந்திரம் மூணு நாலு மணிக்கு மேல போனா ட்வைலைட் ரேட்னு கம்மியா வாங்குவாங்க, அங்க மே மாசம் எட்டு மணி வரைக்கும் வெளிச்சம் இருக்கும், உங்களுக்கு அதுதான் சரி. தனியா போனீங்கன்னா முன்ன பின்ன தெரியாத மூணு பேரோட சேத்து விட்டுருவாங்க, அங்க அது ரொம்ப சாதாரணம், பயப்படாதீங்க, பேர சொல்லி கை குடுத்துட்டு நான் புதுசுன்னு சொல்லிடுங்க, நல்லா பாத்துக்குவாங்க. கேடி இருக்க மாட்டாங்க. பங்கர்ல மணல் மேல நடந்தா அங்க கெடக்கற வாரிய எடுத்து நீங்களே சமப்படுத்தணும், பேத்து எடுத்த புல்லு துண்ட அதே குழில வச்சு மிதிக்கணும் இல்லன்னா வண்டில டப்பால வச்சிருக்கற மணல ரொப்பணும், கிரீன்ல உங்க பால் விழுந்து உண்டான பள்ளத்த சரி பண்ணணும். வண்டிய கிரீன் பக்கத்துல கொண்டு போகவே கூடாது. டெக்சாஸ்ல அந்த சீசன்ல இடி மழை திடீர்னு வரும், நீளமா ஹாரன் அடிச்சாங்கன்னா மின்னலுன்னு அர்த்தம், அடிச்சுகிட்டு இருக்கற பால அப்படியே விட்டுட்டு உள்ள வந்துருங்க, மரத்தடில நிக்காதீங்க. நம்ம ஊர் கோடை மழைக்கும் இதே பேச்சுதான்.

போறதுக்கு முன்னாடி ஓசூர்ல ரெண்டு மூணு தடவ ரேஞ்ச்ல பழகிட்டு போங்க. பையனுக்கு சொல்லாம போய் அங்க அவனோட சேந்து ஆடுங்க.

கேள்வி: ராயக்கோட்டை பக்கம் கிராமம். நான் ஒரு கோல்ஃப் மைதானத்துல களை புடுங்கற வேலைக்கு போறேன். பையன் கவர்மென்ட் ஸ்கூல்ல எட்டாவது. லீவுல என்கூட வந்து பாத்துட்டு வீட்ல மூங்கில் குச்சில பால் அடிச்சுட்டே இருக்கான். எனக்கும் விளையாடணும்மான்னு அழறான். பணக்காரங்க ஆட்டம்டா கண்ணுன்னு சொல்லிட்டேன். நான் சொன்னது சரியாண்ணா? (பக்கத்து வீட்டு பொண்ணு எழுதி அனுப்பினது)

பதில்: சரி இல்ல தங்கச்சி. நீங்க புள்ளைய ஏமாத்தக் கூடாதுன்னு சொன்னது எனக்குப் புரியுது, ஆனா அவன்கிட்ட நான் சொல்லப் போற மூணு பேர சொல்லுங்க.

எஸ்.எஸ்.பி. சௌரேசியா, கல்கத்தா. அவரோட அப்பா அந்த 1829ல ஆரம்பிச்ச கிளப்ல புல்லு பராமரிக்கற வேலை பாத்தவரு, உங்கள மாதிரியே. அந்த மைதானத்துலயே வளந்த பையன் பெரியவனாகி 2016, 2017 ரெண்டு வருஷமும் தொடர்ந்து இந்தியன் ஓபன் ஜெயிச்சாரு, 2016ல ரியோ ஒலிம்பிக்ஸ்ல இந்தியாவுக்கு ஆடினாரு. ரெண்டாவது சி. முனியப்பா, பெங்களூரு, நம்மகிட்ட இருந்து பஸ் ஏறினா ரெண்டு மணி நேரம். கேடியா பையத் தூக்கினவரு, 2009ல அதே இந்தியன் ஓபன ஜெயிச்சாரு. மூணாவது சிக்கரங்கப்பா, பெங்களூரு தாண்டி பிடதி பக்கம் கிராமம். அவங்க ஊர் கிட்ட வீடும் ரிசார்ட்டுமா ஒரு கோல்ஃப் கோர்ஸ் வந்துச்சு, அதுல பால் பொறுக்கற பையனா சேந்தவரு இன்னிக்கு பேர் பெற்ற புரொஃபஷனல். மூணு பேருமே வேலி தாண்டி உள்ள போனது விளையாட்டுக்காரனா இல்ல, வேலைக்காரன் வீட்டுப் புள்ளையா. பொண்ணு வேணும்னா பெங்களூரு அதிதி அசோக்க சொல்லுங்க, டோக்கியோ ஒலிம்பிக்ஸ்ல ஒரே ஒரு ஸ்ட்ரோக்ல மெடல் போய் நாலாவதா வந்துச்சு அந்தப் பொண்ணு, அன்னிக்கு பையத் தூக்கிட்டு கூட நடந்தது அவங்க அம்மா.

எல்லாரும் அப்படி ஆயிடுவாங்கன்னு நான் சொல்ல மாட்டேன். நூறு கேடிப் பசங்கள்ல ஒருத்தருக்குக் கூட அது வாய்க்காம போகலாம், அதனால படிப்ப விடச் சொல்லாதீங்க, வேலைக்குன்னு இந்த வயசுல பையத் தூக்கவும் அனுப்பாதீங்க. ஆனா விளையாட விடுங்க. நீங்க என்ன பண்ணணும்னா, மைதானத்துல கேடி மாஸ்டர்னு ஒருத்தர் இருப்பாரு, அவர்கிட்ட நேரா போய் கேளுங்க, சூப்பர்வைசர் மூலமா வேணாம். நெறைய எடத்துல திங்கட்கிழமை பராமரிப்புக்கு மூடுவாங்க, அன்னிக்கு கேடிங்களும் வேலை செய்யறவங்களும் ஆடிக்க விடற வழக்கம் பல கோர்ஸ்ல உண்டு. புட்டிங் கிரீன்ல பழகறதுக்கு காசு செலவே இல்ல. ஹோலோட அகலம் 108 மில்லிமீட்டர், வீட்டு முத்தத்துல அதே அளவுக்கு ஒரு டப்பாவ பொதைச்சு வச்சு உருட்டிப் பழகட்டும், ஆட்டத்துல நெறைய அடி அதுலதான் போகுது. ஸ்கூல் லீவுல அவன கூட்டிட்டு போறப்போ யாராவது அடிக்கறப்போ அசையாம நிக்கணும், பேசக் கூடாது, அடுத்தவங்க பால் போற கோட்டுல கால் வைக்கக் கூடாது, இத மட்டும் சொல்லிக் குடுங்க. அது தெரிஞ்ச பையன எந்த கேடி மாஸ்டரும் வெளிய போன்னு சொன்னத நான் பாத்ததில்ல.

மூங்கில் குச்சில அடிச்சா மணிக்கட்டு பழக்கம் கெட்டுப் போகும். மேல ஒரு கேள்விக்கு சொன்னேனே, என் மொத 7 ஐயர்ன் வீட்ல இருக்குன்னு, அது பெரியவங்க உயரத்துக்கு இருக்கற கம்பி, ஆனா டூல் ரூம் ஆளுக்கு அத வெட்டறது பெரிய வேலை இல்ல. பையன் நின்னா தரைல இருந்து அவன் மணிக்கட்டு வரைக்கும் எத்தன சென்டிமீட்டர்னு அளந்து, வலது கையா இடது கையான்னும் சேத்து அந்தப் பொண்ண எழுதச் சொல்லுங்க. புது கிரிப் போட்டு இந்த மாசக் கடைசில பத்திரிகை ஆபீஸ்ல குடுத்து வைக்கறேன்.